தாலி இல்லை, விசா உண்டா?

நான் மதுரைக்காரி, என் துணைவர் பெரு நாட்டவர். திருமணம் செய்துகொள்ளாமலேயே இரண்டு நாடுகள் மாறி, இப்போது மெல்பர்னில் குடியிருக்கிறோம். நான் வழக்கறிஞர் இல்லை. விசாப் படிவங்களோடு மல்லுக்கட்டிப் பழகியவள், அவ்வளவுதான். விதிகள் அடிக்கடி மாறும். பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த அரசின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு டொராண்டோவில் வேலை கிடைத்திருக்கிறது. கென்யாவைச் சேர்ந்த என் தோழியும் நானும் சென்னையில் 14 மாதங்களாக ஒரே வீட்டில் இருக்கிறோம். ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு பெயர்தான் போடுவேன் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அவளையும் அழைத்துப் போக முடியுமா?

பதில்: முடியும் தம்பி. 'காமன் லா' துணையை, அதாவது மணமாகாமல் சேர்ந்து வாழ்பவரை, கனடா மனைவிக்குச் சமமாகவே நடத்துகிறது. தொடர்ந்து 12 மாதங்கள் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். நடுவில் அவள் இரண்டு வாரம் ஊருக்குப் போய் வந்திருந்தால் கணக்கு அறுந்துவிடாது.

சிக்கல் சான்றில்தான். மணமாகாத இருவருக்கு நம் ஊரில் வீடு கிடைப்பதே குதிரைக்கொம்பு. ஒப்பந்தத்தில் இரண்டு பெயருக்கு எங்கே போவது? ஆனால் உங்களிடம் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது. வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அதை அரசிடம் பதிய வேண்டும் ('சி' படிவம் என்று சொல்லிப் பழகியது). நீண்டகால விசா என்றால் அவளே எஃப்.ஆர்.ஆர்.ஓ. எனும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் முகவரியைப் பதிந்திருப்பாள். அரசாங்கமே தேதி போட்டு வைத்திருக்கும் இந்தப் பதிவுகளை முதலில் தேடி எடுங்கள். அதே முகவரிக்கு வந்த வங்கிக் கடிதங்கள், காப்பீட்டில் ஒருவரையொருவர் நாமினியாகக் குறித்த தாள் ஆகியவற்றையும் சேர்த்து, கனடா அரசின் சேர்ந்து வாழ்தலுக்கான உறுதிமொழிப் படிவத்தில் நோட்டரி முன் இருவரும் கையெழுத்திடுங்கள். அவளுக்கு அங்கே வேலை அனுமதி கிடைப்பது மட்டும், 2025 ஜனவரியிலிருந்து உங்கள் வேலையின் தரநிலையைப் பொறுத்தது.

கேள்வி: கனடா நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கிறேன். நாங்கள் இரண்டு ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்வது வீட்டில் தெரியாது. 'திருமணமாகாதவர்' என்று எழுதிவிட்டு, பிறகு அவரை வரவழைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அவர் உங்களோடு வராவிட்டாலும் பெயரைக் குறிப்பிட வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் செய்ய வேண்டும். மறைத்தால், பிற்பாடு குடும்பப் பிரிவில் அவரை ஸ்பான்சர் செய்யும் வழியே அடைபடலாம். பொய்த் தகவல் என்று முடிவு செய்தால் உங்களுக்கும் ஐந்து ஆண்டுத் தடை. விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி உங்கள் அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லப்போவதில்லை. அந்தப் பயத்துக்காக இந்த விலையைக் கொடுக்காதீர்கள். இன்னும் ஓராண்டு நிறையாதவர்களுக்கு ஒரு வார்த்தை: 'தனியர்' என்று எழுதுவது இன்றைக்கு உண்மைதான். வசிப்புரிமை கைக்கு வருவதற்குள் 12 மாதங்கள் நிறைந்துவிட்டால் உடனே தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: நான் யாழ்ப்பாணம், அவர் லண்டனில் பிறந்த பிரிட்டிஷ்காரர். மூன்று ஆண்டுப் பழக்கம், விடுமுறைகளில்தான் சந்திப்பு. சேர்ந்து வாழவில்லை என்பதால் விசா கிடைக்காது என்கிறார்கள்.

பதில்: அது பழைய கதை. 2024 ஜனவரி 31 அன்று விதி மாறியது. திருமணத்துக்கு ஒப்பான உறவு இரண்டு ஆண்டுகளாவது இருந்திருந்தால் போதும், ஒரே வீட்டில் இருந்திருக்க வேண்டியதில்லை. ஏன் சேர்ந்து வாழ முடியவில்லை என்பதை ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதுங்கள். பயணச்சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, மாதத்துக்கு ஒன்றாக உரையாடல் பதிவு போதும். ஐந்நூறு புகைப்படங்களைக் கொட்டாதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன், யாரும் பார்த்த மாதிரித் தெரியவில்லை. உங்களுக்கு உண்மையான மலை அவருடைய வருமானம்: 2024 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 29,000 பவுண்டு காட்ட வேண்டும்.

கேள்வி: ஜெர்மனியில் ப்ளூ கார்டு (பட்டதாரிகளுக்கான வேலை, வசிப்பு அனுமதி) வேலை. என் காதலி வியட்நாம் நாட்டவள். அவளையும் அழைத்துப் போகலாமா?

பதில்: மணமாகாத துணைக்கு ஜெர்மனியில் குடும்ப விசா கிடையாது, பத்தாண்டு சேர்ந்து வாழ்ந்திருந்தாலும். ஒன்று திருமணம். இந்தியாவில் என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் அறிவிப்பு ஒட்டிக் காத்திருக்க வேண்டும். காகிதத் தொல்லை குறைவு என்று டென்மார்க் போய் மணம் முடிக்கும் கலப்பு நாட்டு ஜோடிகள் நிறைய. இல்லையென்றால் அவள் படிப்புக்கோ வேலைக்கோ சொந்த விசா எடுக்கட்டும். பக்கத்திலேயே நெதர்லாந்து மணமாகாத துணையை ஏற்கிறது. இரண்டு நாட்டிலும் வேலை கிடைக்கும் என்றால் நான் அங்கேதான் போவேன்.

கேள்வி: அமெரிக்காவில் வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசா மணமாகாத துணைக்குக் கிடைக்குமா?

பதில்: கணவன், மனைவி, பிள்ளைகளுக்கு மட்டும்.

கேள்வி: என் மகள், நியூசிலாந்துக் குடிமகன் ஒருவரின் துணை என்ற விசாவில் அங்கே போகிறாள். நாளைக்கு ஒத்துவராவிட்டால் அவள் கதி என்னம்மா?

பதில்: வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி இதுதான் அம்மா, போகிறவர்கள் யாரும் கேட்பதில்லை. உறவை நம்பித் தந்த விசா, உறவு முறிந்தால் நிலைக்காது. குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு நியூசிலாந்தில் தனி விசா வழி இருக்கிறது. மற்றபடி அவள் வேறு விசாவுக்கு மாற வேண்டும், அல்லது திரும்ப வேண்டும். போன முதல் மாதமே அவள் பெயரில் தனி வங்கிக் கணக்கு தொடங்கச் சொல்லுங்கள். திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணம் அதில் எப்போதும் இருக்கட்டும். வாடகை ஒப்பந்தத்தில் அவள் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். பட்டச் சான்றிதழ்களின் அசலை உங்கள் பீரோவில் பூட்டி வைக்காமல் அவளிடமே கொடுத்தனுப்புங்கள். சொந்தமாக வேலை விசா கேட்கும்போது முதலில் கேட்பது அதைத்தான்.