க்யூபிட்ல (குவாண்டம் கம்ப்யூட்டரோட பிட்) 0, 1 ரெண்டும் ஒரே நேரத்துல இருக்குங்கறாங்களே, அது சுண்டிவிட்ட காசு மாதிரி வெறும் 50-50 தானே?

இல்லைங்க. ஐடில இருக்கற என் மாமா பையன் இதையே கேட்டுட்டு, "அப்ப நீ அஞ்சாறு வருஷமா ரேண்டம் நம்பர் ஜெனரேட்டர்தான் பண்ணிட்டிருக்கியாடா"ன்னு வீட்ல எல்லார் முன்னாடியும் சிரிச்சான். அதுலேர்ந்து இந்தக் கேள்வியைப் பாத்தாலே சுர்ருன்னு ஏறும். நீங்களும் ஏதோ யூட்யூப் வீடியோ பாத்துட்டுதான் கேக்கறீங்க போல, பரவால்ல.

நான் பிஎச்டி பண்ணது டிரான்ஸ்மான் க்யூபிட்ல, அதாவது சூப்பர்கண்டக்டிங் (கரண்டுக்குத் தடையே இல்லாத) சர்க்யூட்ல செய்யற க்யூபிட். சிப் மேல அலுமினியம், அதுல ஒரு ஜோசப்சன் ஜங்ஷன் (ரெண்டு சூப்பர்கண்டக்டருக்கு நடுவுல மெல்லிசா ஒரு இன்சுலேட்டர்), டைல்யூஷன் ஃப்ரிட்ஜ்ல 10-20 மில்லிகெல்வினுக்கு (கிட்டத்தட்ட அப்சல்யூட் ஜீரோ) இறக்கி, 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் மைக்ரோவேவ் பல்ஸ் அடிப்போம், சில பத்து நானோசெகண்ட்தான். முழு பல்ஸ்னா 0 அப்படியே 1 ஆயிரும். பாதி பல்ஸ் அடிச்சு அளந்தா உங்க காசு கதைதான், பாதிக்குப் பாதி. ஆனா அளக்காம இன்னொரு பாதி பல்ஸ் அடிங்க. காசை எத்தனை தடவை சுண்டினாலும் 50-50 தானே, இங்க கிட்டத்தட்ட எல்லாத் தடவையும் 1 வரும். ரெண்டாவது பல்ஸோட ஃபேஸை (அலை எந்த இடத்துல ஏறுது, இறங்குதுங்கறதை) மட்டும் 180 டிகிரி திருப்பினா 0க்கே வந்துரும், ஏன்னா 1க்குப் போற ரெண்டு வழியும் ஒண்ணையொண்ணு கேன்சல் பண்ணிருது. இன்டர்ஃபெரன்ஸ்ங்கறது இதுதான்.

ரெண்டு பல்ஸுக்கு நடுவுல கேப்பைக் கூட்டிட்டே போய், நூத்துக்கு எத்தனை தடவை 1 வருதுன்னு வரைஞ்சா அதான் ராம்சே கர்வ். பல்ஸோட ஃப்ரீக்வென்சியை க்யூபிட்டோடதுலேர்ந்து வேணும்னே 1 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வச்சோம்னா மைக்ரோசெகண்டுக்கு ஒரு அலை, ஸ்க்ரீன்ல புள்ளி புள்ளியா ஏறி இறங்கி, போகப் போகச் சின்னதாகி நடுவுல 50ல படுத்துரும். அங்க படுத்துக் கிடக்கறதுதான் உங்க காசு, ஃபேஸ் தொலைஞ்சதுக்கப்புறம் மிஞ்சறது. 1999ல ஜப்பான் என்இசி லேப்ல நாகமுரா, பாஷ்கின், சாய் மூணு பேரும் சூப்பர்கண்டக்டிங் சர்க்யூட்ல இப்படி ஸ்டேட்டை ஆட்டிக் காட்டினப்ப அது சில நானோசெகண்ட்தான் தாங்குச்சு, இப்ப நூறு மைக்ரோசெகண்ட் தாண்டறதும் உண்டு.

(இதை முறையா எழுதற கணக்கு, டென்சிட்டி மேட்ரிக்ஸ், எங்கன்னு கமெண்ட்ல வரப்போற சார்களுக்கு: தெரியும் சார், கேட்டவர் காசைப் பத்திதான் கேட்டாரு.)

2025 ஃபிசிக்ஸ் நோபல்கூட கிளார்க், டெவோரே, மார்டினிஸுக்கு இந்த ஜங்ஷன் வேலைக்குத்தான். எங்க இன்ஸ்டிட்யூட்ல எல்லாரும் அதை ஸ்டேட்டஸ் வச்சாங்க, ஆனா எங்க ஃபெல்லோஷிப் மட்டும் மாசக்கணக்கா வராது, ஆபீஸ்ல கேட்டா யுட்டிலைசேஷன் சர்டிபிகேட் (வந்த பணத்தைச் செலவு பண்ணதுக்கான சான்று) இன்னும் போகலம்பாங்க. மெஸ் பில் கரெக்டா அஞ்சாம் தேதி வந்துரும்.