தேனீ, குளவி கொட்டினால் மயக்கம் வரும் ஒவ்வாமைக்கு இம்யூனோதெரபி ஊசி உண்மையிலேயே பலன் தருமா?

தரும். பூச்சியின் விஷத்தையே சொற்பம் சொற்பமாக ஏற்றி உடம்பைப் பழக்குகிற ஊசி இது. நான் போட்டு முடித்தவன், அதனால் சொல்கிறேன்.

தேனீ கொட்டி ஒரு தடவை மயங்கி விழுந்ததாகவும், டொக்டர் வருடக்கணக்கில் ஊசி போடச் சொல்வதாகவும், "ஒரு பூச்சிக்கு இவ்வளவு அலைச்சலா" என்று வீட்டில் சிரிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிரிப்பைப் படித்த பிறகு எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டிலும் சிரித்தார்கள். தேனீ கொட்டினால் வாதம் போகும், முழங்கால் நோவு போகும் என்று எனக்கே பாடம் எடுத்த பெரியப்பா ஒருவர் உண்டு.

எங்கள் வீடு திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம். பக்கத்து வளவுக்காரர் கனடாவில். அங்கே நிற்கும் பெரிய இலுப்பையில் மலைத்தேனீ வருடா வருடம் வந்து கூடு வைக்கும். ஒருநாள் பின்னேரம் வேலிக்குக் கிடுகு கட்டிக்கொண்டு நின்றேன். பருந்து கூட்டைக் கலைத்ததோ என்னவோ, கழுத்தில் ஒன்று, முழங்கையில் ஒன்று. முந்தைய வருடமும் கொட்டியிருந்தது, அப்போது வீங்கியதோடு சரி. இந்த முறை முதலில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தன. பிறகு உடம்பெல்லாம் தடிப்பு, தொண்டை இறுகி, சத்தி எடுத்து, கண் இருண்டு விட்டது. விஷம் பார்க்கிற பரிகாரியிடம் கொண்டுபோவோம் என்று மச்சான் நின்றாராம். மனைவி கேட்கவில்லை, ஓட்டோவில் போட்டு நேரே பெரியாஸ்பத்திரிக்கு. பிரஷர் இறங்கிக் கிடந்ததாம். தொடையில் அட்ரினலின் போட்ட சில நிமிடங்களில் கண் வெளித்தது.

நாட்டு வைத்தியத்தைப் பழிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் அப்பம்மாவே பரிகாரி வீட்டுப் பெண்தான். ஆனால் மூச்சும் பிரஷரும் போகும்போது சுண்ணாம்பும் வெங்காயமும் ஒன்றும் செய்யாது. ஒவ்வாமைக்குப் போடுகிற பிரிட்டோன் குளிசையும் அப்படித்தான், அரிப்பைக் குறைக்கும், அவ்வளவே. அந்த நேரத்துக்கு அட்ரினலின் ஒன்றுதான் மருந்து. ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும், எழுப்பி நடத்தக் கூடாது. மூச்சு வாங்கினால் மட்டும் காலை நீட்டி இருக்க விடலாம்.

இத்தனைக்கும் பிறகு, நான் காட்டிய ஒரு டொக்டர் "பயத்தில் வந்த மயக்கம்" என்று சொல்லி நித்திரைக் குளிசை எழுதித் தந்தார். பெயர் வேண்டாம். அந்தத் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

சரி, ஊசிக்கு வருவோம். கொட்டிய இடம் மட்டும் வீங்குகிறவர்களுக்கு, கை முழுக்க வீங்கினால்கூட, பொதுவாக இது தேவைப்படாது. உங்களைப் போல, என்னைப் போல, மூச்சோ பிரஷரோ போனவர்களுக்குத்தான். கொட்டியவுடன் சோதித்தால் முடிவு பிழையாக வரலாம், அதனால் நாலு முதல் ஆறு கிழமை கழித்துத்தான் தோலில் சோதிப்பார்கள். எது கொட்டியது என்று கேட்பார்கள். கொடுக்கு தோலிலேயே நின்றிருந்தால் அநேகமாகத் தேனீ. குளவி கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது. இது முக்கியம், ஏனென்றால் தேனீ விஷத்துக்கும் குளவி விஷத்துக்கும் ஊசி மருந்து வேறு வேறு. மருந்து வெளிநாட்டிலிருந்து வருகிறது, ஐரோப்பியத் தேனீயின் விஷத்தில் செய்தது. நம்முடைய தேனீக்களின் விஷமும் அதற்குக் கிட்டத்தட்ட ஒத்தது என்றுதான் எனக்கும் அதையே போட்டார்கள்.

முதல் ஊசியில் இருக்கும் விஷம் மிக மிகச் சொற்பம். கிழமைக்குக் கிழமை கூட்டிக்கொண்டு போய் 100 மைக்ரோகிராமில் நிறுத்துவார்கள். ஏறக்குறைய இரண்டு தேனீ கொட்டுகிற அளவு. பிறகு மாதத்துக்கு ஒன்று, பின்னர் ஆறு கிழமைக்கு ஒன்று, இப்படி மூன்றிலிருந்து ஐந்து வருடம். ஊசி போட்டபின் அரை மணி நேரமாவது அங்கேயே இருக்க வேண்டும். மெல்ல மெல்லப் பழக்குவதால் உடம்பு விஷத்தைக் கண்டு பதறுவதை விட்டுவிடுகிறது. தேனீக்கு நூற்றில் எண்பது பேர் வரை, குளவிக்குத் தொண்ணூறுக்கு மேல் காப்பாற்றப்படுகிறார்கள்.

"இதெல்லாம் மருந்துக் கம்பனி வியாபாரம்" என்று எழுத ஒருவர் வருவார், தெரியும். 1978இல் அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் மூன்று குழுக்களாகப் பிரித்து ஊசி போட்டு, பிறகு உண்மையாகவே பூச்சியைக் கொட்டவிட்டுப் பார்த்தார்கள். வெற்று ஊசி போட்ட 12 பேரில் 7 பேருக்கு உடம்பெல்லாம் ஒவ்வாமை. பூச்சியை முழுதாக அரைத்து எடுத்த பழைய மருந்து போட்ட 11 பேரிலும் 7. விஷத்தையே போட்ட 18 பேரில் 1. அதுவரை வருடக்கணக்காகக் கொடுத்துவந்த பழைய மருந்துதான் உண்மையில் வீண் என்று அப்போது தெரிந்தது.

கஷ்டம் இல்லை என்று சொல்லமாட்டேன். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், ஊசி போட்டு, அடுத்த இரவு பஸ்ஸில் திரும்ப வேண்டும். பஸ்ஸில் நித்திரை கிடையாது, பாட்டுச் சத்தம். 2022இல் பெற்றோல் வரிசை நாட்களில் இடைவெளி விழுந்து, அளவைக் குறைத்து மறுபடி ஏற்றினார்கள். என் பிரஷர் குளிசை பீட்டா புளொக்கர் வகை, அது அட்ரினலினை மழுங்கச் செய்யலாம் என்று மாற்றித் தந்தார்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். பேனை போன்ற அட்ரினலின் ஊசி என் கைக்கு எட்டாத விலை, அதனால் குப்பியில் இருந்து இழுத்துப் போட மனைவிக்குக் கிளினிக்கில் பழக்கினார்கள். நம்மூர் வெயிலில் அதை மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில் வைக்காதீர்கள், பழுதாகிவிடும்.

இடையில் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கனடாக்காரருக்கு அந்த இலுப்பையைப் பார்த்து ஏதாவது செய்யுங்கள், அல்லது யாருக்காவது பொறுப்புக் கொடுங்கள் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "காணி விலை ஏறட்டும் தம்பி, பிறகு பார்ப்போம்" என்பதுதான் பதில். கோயில் திருவிழாவுக்கு வந்து படம் எடுத்துப் போடுவார், வளவுப் படலையைத் திறக்கமாட்டார். பாம்பு, நுளம்பு, தேனீ எல்லாம் எங்களுக்கு, காணி மட்டும் அவருக்கு. வெளிநாட்டில் இருக்கிற எல்லாரையும் சொல்லவில்லை, என் தங்கையும் அங்கேதான் இருக்கிறாள்.

மாதத்துக்கு ஒன்று போட்டுவந்த காலத்தில் கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போன இடத்தில் மறுபடி கொட்டியது. கை வீங்கியது, மனைவி ஊசியோடு பக்கத்திலேயே நின்றாள், வேறொன்றும் வரவில்லை. அன்றைக்குப் பெரியப்பாவுக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன்.

நீங்கள் தொடங்குவதென்றால், மயங்கியபோது ஆஸ்பத்திரியில் தந்த டிஸ்சார்ஜ் கார்ட்டை எடுத்துக்கொண்டு போங்கள். பிரஷர் எவ்வளவு இறங்கியது என்று அதில்தான் இருக்கும், வாயால் சொன்னால் எடுபடாது. காய்ச்சலோ இழுப்போ இருக்கிற அன்று ஊசி போடமாட்டார்கள், பஸ் ஏறுமுன் கிளினிக்குக்குப் போன் எடுத்துக் கேளுங்கள். தடிமனோடும் காய்ச்சலோடும் போன என்னை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.