மாடியைப் பார்க்காமலே சோலார் போடுகிறார்களாம்!

மின்சாரக் கேள்விகளுக்கு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற மின்வாரிய போர்மேன் பதில் சொல்கிறார்.

கேள்வி: பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் எங்கள் வீடு தேர்வாகியிருக்கிறது, 78,000 ரூபாய் மானியம் தயாராக இருக்கிறது என்று ஒரு பெண் போனில் சொன்னார். இன்று மாலைக்குள் 4,999 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டுமாம். மின் இணைப்பு எண்ணைக் கேட்டார். சொன்னதும் என் கணவர் பெயரையும், இந்தத் தடவை கட்ட வேண்டிய பில் தொகையையும் டக்கென்று சொன்னார். ஈபி ஆபீஸ் ஆள் இல்லாமல் இது எப்படித் தெரியும்? நம்பலாமா?
— வாசகி, வண்டிப்பாளையம், கடலூர்

பதில்: கட்டிவிடாதீர்கள் அம்மா. உங்கள் கணவர் பெயரை அந்தப் பெண்ணுக்குச் சொன்னது நீங்கள்தான்.

சிரிக்கவில்லை, நானே இதில் விழப் பார்த்தவன். போன ஆடி மாதம் ஒரு பையன் கூப்பிட்டான். எண்ணைச் சொன்னேன். "ஐயா, 2,340 ரூபாய் பில் நிக்குதே" என்றான். முப்பத்தோரு வருடம் கம்பம் ஏறியவன் நான், நம்ம ஆபீஸ் பையன்தான் போலிருக்கிறது என்று உருகிவிட்டேன். பக்கத்தில் இருந்த மருமகள் போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, தன் ஜிபேயில் என் இணைப்பு எண்ணைப் போட்டுக் காட்டினாள். என் பெயர், தொகை எல்லாம் வந்து நின்றது. பில் கட்டித்தர யார் எண்ணைப் போட்டாலும் அப்படித்தான் காட்டும். அந்தப் பையன் செய்ததும் அவ்வளவுதான்.

அடுத்து, 'தேர்வாகியிருக்கிறது' என்ற பேச்சு. இது குலுக்கல் சீட்டு கிடையாது. 2024 பிப்ரவரியில் வந்த திட்டம். நாமாகத்தான் 'பிஎம் சூர்ய கர்' அரசு தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் போட்ட பிறகு, அந்தத் தளத்தில் பதிவாகியிருக்கும் நிறுவனத்தில் ஒன்றை நாம் பிடிக்கிறோம். அவர்கள் பேனல் மாட்டி, வரும் மின்சாரம், போகும் மின்சாரம் இரண்டையும் கணக்கிடும் இருவழி மீட்டர் வைத்து, ஆய்வெல்லாம் முடிந்த பிறகுதான் மானியம் நேராக நம் வங்கிக் கணக்கில் விழும். பேனலின் திறனில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000. 78,000 என்ற கணக்கு அங்கிருந்துதான் வருகிறது, அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அதே தொகைதான். மாடியில் ஒரு ஆணிகூட அடிக்காமல் மானியம் எப்படித் தயாராகும்?

இன்னொன்று. அந்தப் பெண் உங்கள் மொட்டை மாடியைப் பற்றி ஏதாவது கேட்டாரா? ஒரு கிலோவாட்டுக்குச் சுமாராக 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். பக்கத்து வீட்டுத் தென்னை எந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டி எங்கே, தளம் எவ்வளவு பழசு என்று பார்க்காமல் வேலை தெரிந்தவன் விலை சொல்ல மாட்டான். அதிலும் நம் ஊரில்! 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த காலையில், அடுத்த தெரு சின்டெக்ஸ் தொட்டி எங்கள் வேப்பமரத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. இங்கே பேனல் ஸ்டாண்டைத் தளத்தோடு எப்படிப் பிடிப்பது என்பதுதான் முதல் பேச்சாக இருக்க வேண்டும்.

சோலார் போட நிஜமாகவே ஆசை இருந்தால் பில்லை எடுத்துப் பாருங்கள். ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. உங்கள் செலவு 400 யூனிட் என்றால் 2 கிலோவாட் தாராளம். மானியம் கூடுதலாக வருகிறதே என்று மூன்றுக்குப் போனால் மீதிப் பணம் நம் கைக்காசுதான்.

கேள்வி: சோலார் மானிய விண்ணப்பம் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே ஃபைலை அப்பா இன்ஸ்டால் செய்துவிட்டார். அனுப்பியவரின் படத்தில் அரசு முத்திரை இருக்கிறது. பணம் எதுவும் போகவில்லை. அழித்தால் போதுமா?
— வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: போதாது தம்பி. முத்திரை படத்தை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். இந்த மாதிரி செயலிகள் எஸ்எம்எஸ் அனுமதி வாங்கிக்கொண்டு, வரும் ஓடிபியை அப்படியே வேறு போனுக்கு அனுப்பும். முதலில் நெட்டை அணைத்து சிம்மைக் கழற்றுங்கள். உங்கள் போனிலிருந்து அப்பாவின் வங்கிக்குச் சொல்லி நெட் பேங்கிங், யுபிஐ இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் அந்தப் போனை முழுதாக ரீசெட் செய்யுங்கள். போட்டோ போகுமே என்று அப்பா முனகுவார், முனகட்டும். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் அந்தப் பக்கத்துக் கணக்கை முடக்க வழி உண்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் நாலு கணக்கு தாண்டியிருக்கும்.

கேள்வி: மானியத்தை வரவு வைக்க க்யூஆர் அனுப்புகிறோம், ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்கிறார்கள். சரியா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: யுபிஐ பின் போட்டால் காசு போகும். வருகிற காசுக்கு யாரும் பின் கேட்பதில்லை. போனை வையுங்கள்.