முருக்கும் முறுக்கும்

கேள்வி: எனக்கு வயது 23. மும்பை தாராவியில் 90 அடி சாலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். அப்ளைடு ஆர்ட்டில் (விளம்பர, அச்சு வடிவமைப்பு) நான்காண்டுப் பட்டம் முடித்து ஓராண்டாகிறது. லோயர் பரேலில் ஒரு விளம்பர நிறுவனத்தில் மூன்று மாதம் சம்பளமில்லாமல் பயிற்சியில் இருந்தேன், வேலை தரவில்லை. விண்ணப்பித்த இடமெல்லாம் ‘அனுபவம் இருக்கிறதா?’ என்கிறார்கள். இப்போது அந்தேரியில் இன்னொரு நிறுவனம் ஆறு மாதப் பயிற்சிக்குக் கூப்பிடுகிறது. அதிலும் சம்பளம் கிடையாது. அல்லது இரண்டரை லட்ச ரூபாய் கட்டி, செயலிகளைப் பயன்படுத்துகிறவருக்கு எளிதாக வடிவமைக்கும் யு.எக்ஸ். வகுப்பில் சேரலாமா? நகையை அடகு வைக்கலாம் என்கிறார் அப்பா. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டா என்றும் பயமாக இருக்கிறது. வீட்டில் யாருக்கும் வடிவமைப்பு என்றால் என்னவென்றே புரியாது. அம்மா கைமுறுக்கு சுட்டு மாட்டுங்கா, செம்பூர் கடைகளுக்குக் கொடுக்கிறார். பாக்கெட்டுக்கு ஒரு லேபிள் செய்து தரச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு நேரமில்லாததால் டி.டி.பி. கடையில் 400 ரூபாய் கொடுத்துச் செய்துகொண்டார். அதில் ‘முருக்கு’ என்று அச்சடித்திருக்கிறார்கள்! நண்பர்கள் குழுவில் படம் போட்டு எல்லோரும் சிரித்தோம். இப்படிப்பட்ட சூழலில் நான் எந்த வழியில் போவது?

பதில்: தம்பி, நீ கேட்ட மூன்று கேள்விகளுக்கும் பிறகு வருகிறேன். முதலில் நான் கேட்பதற்குப் பதில் சொல். அந்தப் பிழையை அம்மாவிடம் சொன்னாயா?

நண்பர்களிடம் சொல்லியிருக்கிறாய். எனக்கு எழுதியிருக்கிறாய். அம்மாவிடம் சொன்னதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. நான் இதை எழுதும் நேரத்திலும் அவர் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து, அந்த ஸ்டிக்கரை ஒவ்வொன்றாக உரித்துப் பாக்கெட்டில் ஒட்டிக்கொண்டிருப்பார். எழுத்துப் பிழையோடு தன் பண்டம் கடைகளுக்குப் போகிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த பிள்ளை பக்கத்து அறையில், இல்லை, தாராவி வீட்டில் பக்கத்து அறை ஏது, அதே அறையில் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

முருக்கு என்பது மரத்தின் பெயர். ஊர்ப்பக்கம் வேலியோரம் சிவக்கச் சிவக்கப் பூக்குமே, முள்முருக்கு, அது. தின்கிற பண்டம் வல்லின றகரத்தில் வரும் முறுக்கு. மாவை விரலால் முறுக்கி முறுக்கிச் சுற்றுகிற செயலே அதற்குப் பெயராகிவிட்டது. உன் அம்மாவின் கைவேலைதான் அந்த எழுத்தில் இருக்கிறது. அந்த எழுத்தைத்தான் தவறாக அச்சடித்து, அதன் பக்கத்தில் அவர் பெயரைப் போட்டிருக்கிறார்கள். டி.டி.பி. கடைக்காரர் மீது எனக்குக் கோபம் இல்லை. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கண்ணீர் அஞ்சலி என்று நாள் முழுவதும் அடிக்கிறவர் அவர். 400 ரூபாய்க்கு அவரால் முடிந்ததைச் செய்தார். நான்கு ஆண்டு எழுத்துருவும் அச்சும் படித்தவன் அந்த வீட்டில் இருந்தான் என்பது அவருக்குத் தெரியாது.

நேரமில்லை என்று எழுதியிருக்கிறாய். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்துக்கு மூன்று மாதம் காசு வாங்காமல் உழைக்க உனக்கு நேரம் இருந்தது. அந்த மூன்று மாதமும் உன் சாப்பாடு, ரயில் பாஸ், கைபேசிக் கட்டணம் எல்லாம் எங்கிருந்து வந்தன? அம்மாவின் எண்ணெய்ச் சட்டியிலிருந்து வந்தன. அந்த நிறுவனத்துக்கு ஒரு ஊழியரை அனுப்பி, அவருக்குச் சம்பளமும் கொடுத்தது உன் அம்மா. அவர் பதிலுக்குக் கேட்டது ஒரு லேபிள்.

வீட்டில் யாருக்கும் வடிவமைப்பு புரியாது என்றும் எழுதுகிறாய். புரியாத பெண்மணியா லேபிள் வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்? கடைப் பலகையில் பத்து வீட்டு முறுக்குகள் கிடக்கும். அதில் தன்னுடையது எது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். நேற்று சாப்பிட்டவர் நாளை அதையே தேடி எடுக்க வேண்டும். இதை யாரும் அவருக்கு வகுப்பெடுக்கவில்லை. விற்றுப் பார்த்துத் தெரிந்துகொண்டார். பிள்ளை செய்து தரவில்லை என்றதும் தன் காசில் 400 ரூபாய் எடுத்துச் செலவழித்தார். வடிவமைப்புக்குப் பணம் கொடுக்கத் தயாராக இருந்த ஒரு வாடிக்கையாளர் உன் வீட்டிலேயே இருந்திருக்கிறார். அவரை நீ டி.டி.பி. கடைக்கு அனுப்பிவிட்டாய்.

இந்தத் துறைக்குள் நுழையத் தவிக்கும் பிள்ளைகளின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. பலர் தங்கள் வேலை மாதிரிகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவையும் இணைத்து அனுப்புகிறார்கள். திறந்தால் எல்லாவற்றிலும் ஒரே சரக்கு. இல்லாத ஒரு காபிக் கடைக்கு லோகோ. யாரும் கேட்காமலே மாற்றி வரைந்த ஒரு பிரபல செயலி. சுற்றுச்சூழல் தினத்துக்கு ஒரு போஸ்டர். உன்னுடையதும் இப்படித்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டமாட்டேன். ஆனால் அம்மாவின் லேபிள் அதில் இல்லை என்பது மட்டும் நிச்சயம். இல்லாத காபிக் கடையின் முதலாளி ‘எழுத்து சின்னதாக இருக்கிறது’ என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். ஸ்டிக்கர் உரிந்துவிட்டது என்று பாக்கெட்டைத் திருப்பி அனுப்பவும் மாட்டார். ‘அனுபவம் இருக்கிறதா’ என்று கேட்கிறவர்கள், இப்படி ஒரு மனிதர் உன் வேலையைத் திருப்பி அனுப்பியிருக்கிறாரா என்றுதான் கேட்கிறார்கள்.

லேபிள் சின்ன வேலை என்று நினைக்கிறாய் போலிருக்கிறது. செய்து பார்.

முதலில் விதிகள். சைவ உணவு என்பதற்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறை கொடுக்கும் 14 இலக்க எண் வேண்டும். அம்மா அதற்குப் பதிவு செய்திருக்கிறாரா? இல்லையென்றால் படித்த பிள்ளை செய்ய வேண்டிய முதல் காரியம் அதுதான். சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எதற்குள் சாப்பிட வேண்டும் என்பது, எல்லா வரிகளும் அடங்கிய அதிகபட்ச விலை, ஒரு கிராம் என்ன விலை என்ற கணக்கு, தயாரிப்பவர் முகவரி, புகார் சொல்லத் தொலைபேசி எண், இத்தனையும் வரவேண்டும். எடையைக் குறிக்கும் எண்ணின் உயரத்துக்குக்கூட விதி இருக்கிறது. வெண்ணெய் போடுகிறார் என்றால், பால் சேர்ந்தது என்று ஒவ்வாமைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தாக வேண்டும். தமிழைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். ஆக, உள்ளங்கை அளவுச் சதுரத்தில் இரண்டு மொழி, பத்துப் பன்னிரண்டு விவரம், அதற்கு நடுவில் பார்த்ததும் கை நீளவைக்கும் ஒரு பெயர். இதை ஒழுங்காக அடுக்கத் தெரிந்தவனுக்கு எந்தச் செயலியின் திரையையும் அடுக்கத் தெரியும்.

அடுத்தது எழுத்து. றகரத்துக்குக் கீழே வால் இறங்கும். வரி இடைவெளியை நெருக்கினால் அடுத்த வரி அந்த வாலின் மேல் ஏறிவிடும். சின்ன அளவில் மோசமான எழுத்துருவைப் போட்டால் றகரமும் ரகரமும் ஒன்றுபோல் தெரியும். மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கொ’ உடைந்து கொம்பும் காலும் திசைக்கொன்றாக நிற்கும். ஆங்கிலத்தில் ஓரங்குலத்தில் அடங்கும் சொல் தமிழில் இரண்டு அங்குலம்கூடக் கேட்கலாம். இதற்கெல்லாம் நல்ல எழுத்துரு தேட நீ வெகுதூரம் போக வேண்டாம். மும்பையிலேயே இருக்கும் ஏக் டைப் குழுவினர் செய்த ‘முக்த மலர்’, ‘பாலூ தம்பி’ இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. தேவநாகரிக்கும் அதே குடும்பத்தில் எழுத்து உண்டு. இரண்டு மொழியும் ஒரே கையால் எழுதியதுபோல் சேர்ந்து நிற்கும்.

பிறகு பொருள். முறுக்கு பாக்கெட்டில் எண்ணெய்க் கை படும். சாதாரணக் காகித ஸ்டிக்கரில் அந்த எண்ணெய் ஊறி எழுத்து மங்கும். ஜூலை மழையில் சயான் ஸ்டேஷனில் சாக்கைச் சாமான் பெட்டியில் ஏற்றி இறக்குவதற்குள் ஓரம் உரிந்துவிடும். திரையில் பளபளக்கும் ஆரஞ்சு நிறம் அச்சில் சோர்ந்துபோய் வரும். வெட்டும்போது விளிம்பில் வெள்ளை தெரியாமல் இருக்கச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். பாக்கெட்டிலேயே நேராக அச்சடிக்கலாமே என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி உருளை செய்யக் காசு வேண்டும். அம்மா விற்கும் அளவுக்கு அது கட்டுபடியாகாது. அச்சகத்துக்கு ஒருநாள் போய் நின்று, ஏன் எது முடியாது என்று கேள். கல்லூரியில் இதையெல்லாம் படித்திருப்பாய். அம்மாவின் காசு வீணாகும் என்று வரும்போதுதான் மனத்தில் பதியும்.

பெயரே ஒரு பெரிய கேள்வி. செம்பூர்க் கடையில் தமிழர் மட்டுமா வாங்குகிறார்கள்? மராட்டிக்காரர் அதைப் பார்த்ததும் சக்லி என்பார். சக்லி என்று போட்டால் விற்பனை கூடலாம். ஆனால் சக்லிக்குப் பருப்பும் தானியமும் வறுத்து அரைத்த மாவு. அம்மாவுடையது அரிசி மாவும் உளுந்தும். சக்லி என்று நம்பி வாங்கியவர் கடித்ததும் ஏமாறுவார். முறுக்கு என்றே தமிழ், ஆங்கிலம், மராட்டி மூன்றிலும் எழுதி, மராட்டியில் ஒரு வரி விளக்கம் போடலாமா? பாக்கெட்டில் ஒரு பக்கம் வெறுமனே விட்டு உள்ளே இருப்பதைக் காட்டிவிடலாமா? எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. ஆனால் கடையில் அரைநாள் நின்று, யார் எதை எடுக்கிறார்கள், எதைத் திருப்பி வைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு நீ முடிவு செய்.

நம் எழுத்தைத் தொட்டு வேலை செய்தால் தாராவிக்குள்ளேயே முடங்கிவிடுவோம் என்று ஒரு பயம் உனக்கு இருக்கலாம். 2010இல் ரூபாய்க்குக் குறியீடு வரைந்த உதயகுமார் கள்ளக்குறிச்சிக்காரர். அப்போது அவர் உன் ஊரிலேயே, பவாயில் உள்ள ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளியில் ஆய்வு மாணவர். அவருடைய ஆய்வு எதைப் பற்றியது தெரியுமா? தமிழ் அச்செழுத்துகளைப் பற்றி. நம் எழுத்தின் வளைவையும் வாலையும் ஆண்டுக்கணக்கில் உற்றுப் பார்த்த கை, தேவநாகரி ‘ர’வை எடுத்து நாட்டுக்கே ஒரு குறி போட்டுக் கொடுத்தது. நீ நண்பர்களோடு சேர்ந்து சிரித்தது அதே தமிழ் எழுத்தைப் பார்த்துத்தான்.

இனி உன் கேள்விகள். அந்தேரிப் பயிற்சிக்குப் போகாதே. கற்றுக்கொள்ள ஓரிரு வாரம் என்றால் சரி. ஆறு மாதம் காசில்லாமல் வேலை வாங்குகிறவர்கள், அது முடிந்ததும் அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு அது கட்டுபடியாகும். உன் வீட்டுக்கு ஆகாது.

நகையை அடகு வைக்காதே. அப்பா வைக்கலாம் என்றுதான் சொல்வார், அப்பாக்கள் அப்படித்தான். வேண்டாம் என்று சொல்ல வேண்டியது பிள்ளை. யு.எக்ஸின் அடிப்படையை நீயே படித்துவிடலாம். உண்மையிலேயே மேலே படிக்க ஆசை என்றால் ஐ.ஐ.டி.களின் முதுநிலை வடிவமைப்புப் படிப்புக்கு ஜனவரியில் சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு நடக்கிறது. வயது வரம்பு கிடையாது. அதற்குத் தயார் செய்.

இயந்திரத்தைப் பற்றிய பயம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அது ஒரு நிமிடத்தில் பத்து லேபிள் படம் கொடுக்கும். அதில் எது சட்டப்படி சரி, எது எண்ணெயில் ஊறும், எது உன் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அதைப் பயன்படுத்து, பிழை திருத்தும் கண்ணை மட்டும் அதனிடம் ஒப்படைத்துவிடாதே.

லேபிள் முடிந்த பிறகு, முதலில் இருந்தது, பிறகு வந்தது, நடுவில் தோற்றது எல்லாவற்றையும் வரிசையாகப் போர்ட்ஃபோலியோவில் வை. காபிக் கடையைத் தூக்கிவிடு. உன் தெருவில் தோல் பை செய்கிறவர்கள், இட்லி விற்கிறவர்கள், ஊறுகாய் போடுகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களிடம் அம்மாவின் பாக்கெட்டைக் காட்டிக் கேள். அவர்களுக்குச் செய்யும்போது பாதிப் பணம் முன்கூட்டியே வாங்கு. எத்தனை முறை திருத்தித் தருவாய் என்பதை எழுதிக் கொடு. மீதி வந்த பிறகு கோப்பை ஒப்படை. அம்மாவிடம் மட்டும் வாங்காதே. அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.

தீபாவளிக்கு முந்தைய நாட்களில்தான் மும்பையில் பலகாரம் அதிகம் விற்கும். அதற்கு ஒரு மாதம் முன்பே லேபிள் அச்சகத்துக்குப் போயிருக்க வேண்டும். அனுப்பும் முன் மாதிரித் தாளை அம்மா கையில் கொடுத்து, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டு வாசிக்கச் சொல்.

ஆனால் அதெல்லாம் நாளைக்கு. இன்று இரவு அந்தப் பழைய ஸ்டிக்கரில் இன்னும் எத்தனை மீதி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அம்மாவிடம் பிழையைச் சொல். ‘இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை?’ என்று கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று என்னிடம் கேட்டு எழுதாதே.