கேளுங்கள் அக்காவை: முதல் முட்டைக்கு முன்னால்

கேள்வி: அக்கா, மலேசியாவில் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்ட வீட்டில் இருக்கிறோம். நான்கு சிவப்பு முட்டைக்கோழி, இரண்டு கம்போங் கோழி (நாட்டுக்கோழி), எல்லாம் குஞ்சிலிருந்தே நான் வளர்த்தவை. 17 வாரம் ஆகிவிட்டது, முட்டையைக் காணோம். "முட்டைக்கோழித் தீவனத்தைப் போடு, தன்னால இடும்" என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதே வேண்டாம் தங்கச்சி. தீவனத்தைப் பார்த்து எந்தக் கோழியும் முட்டையிடாது. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை முதல் நான்கு சதவீதம் வரை இருக்கும். வளரும் கோழித் தீவனத்தில் ஒரு சதவீதம் இருந்தாலே அதிகம். முட்டை ஓடு செய்யாத வெடக்கோழி அவ்வளவு சுண்ணாம்பை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? எல்லாவற்றையும் சிறுநீரகம்தான் வெளியே தள்ள வேண்டும். அது கெட்டுப்போவது இன்றைக்கு வெளியே தெரியாது. நன்றாக முட்டையிடும் காலத்தில் ஒருநாள் காலையில் கோழி செத்துக் கிடக்கும், காரணமும் புரியாது.

அதோடு உன் கூட்டில் இரண்டு ரகம் இருக்கிறது. சிவப்புக் கோழி 18லிருந்து 22 வாரத்துக்குள் தொடங்கிவிடும். கம்போங் கோழி 24 வாரம் தாண்டியும் சும்மா மேய்ந்துகொண்டிருக்கும். அதன் ரத்தம் அப்படி. இரண்டும் ஒரே தட்டில் தின்னும்போது நான் செய்வது இதுதான்: வளரும் தீவனத்தையே எல்லோருக்கும் போட்டுவிட்டு, சுண்ணாம்புச் சத்துக்குச் சிப்பித் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுவேன். தேவைப்படுகிற கோழி போய்க் கொத்திக்கொள்ளும், மற்றது திரும்பிக்கூடப் பார்க்காது. கடையில் சிப்பித் தூள் கிடைக்கவில்லையா, கெராங் (சிப்பி) சமைத்த அன்றைக்கு ஓடுகளை எடுத்துவை. கழுவி, வெயிலில் காயவைத்து, பழைய துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டு. மாவாக்கிவிடாதே, நொய் அரிசி அளவு போதும். முட்டை ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும், அதில் பெரும்பகுதி கோழி தூங்கும் நேரம். பருக்கையாக இருந்தால்தான் கோழியின் அரைவைப்பையில் தங்கி, இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

எப்போது மாற்றுவது என்று காலண்டரைப் பார்க்காதே, கோழியைப் பார். வெளிறிக் கிடந்த கொண்டையும் தாடியும் ரத்தச் சிவப்பாகும். முதுகில் கை வைத்தால் ஓடாமல் இறக்கையை விரித்துக் குந்தும். பின்பக்கம் ஆசனவாய்க்கு இரு பக்கமும் முனை தெரிகிற எலும்பைத் தடவிப் பார். நடுவில் ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு மூன்று விரல் தாராளமாக நுழைந்தால் கூடையைத் தயார் செய். கம்போங் கோழியும் இடத் தொடங்கிய பிறகு தீவனத்தை ஒரு வாரத்தில் மெல்ல மெல்லக் கலந்து மாற்று. ஒரே நாளில் மாற்றினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பட்டினி கிடக்கும்.

இன்னொன்று. மிச்சச் சோறு, தேங்காய்ச் சக்கை என்று அள்ளிப் போடுகிறவர்கள் நம் பக்கம் அதிகம். முட்டையிடப் போகும் கோழி கொழுக்கக் கூடாது. கொழுத்தால் முட்டை வரும் வழி பிதுங்கிக்கொள்ளும். ஒரு கைப்பிடியோடு நிறுத்து.

கேள்வி: பெட்டி வைத்தும் கோழி வாழைமரத்தடியில் போய் இடுகிறது. தினமும் முட்டை தேடுவதே வேலையாகிவிட்டது, அக்கா.

பதில்: பெட்டி வெளிச்சத்தில் இருக்கிறதா, தம்பி? இருட்டு மூலையில் வை. அகலமும் நீளமும் ஓர் அடி இருந்தால் போதும், நான்கு கோழிக்கு ஒரு பெட்டி. உள்ளே காய்ந்த புல்லும் ஒரு கோல்ஃப் பந்தும் போடு. (தோட்டத்து கிளப் மைதானத்தை ஒட்டிய சாக்கடையில் தேடினால் கிடைக்கும். துரைமார் போன பிறகும் பந்து போகவில்லை.) வட்டமாக ஒன்று கிடந்தால், இங்கே ஏற்கனவே ஒருத்தி இட்டிருக்கிறாள் என்று நம்பி உட்காரும். பெரும்பாலான கோழிகள் காலையிலேயே இட்டுவிடும், அதனால் ஒரு வாரத்துக்குப் பதினொரு மணி வரை கூட்டைத் திறக்காதே. அப்புறம், இரவில் உட்காரும் கம்பு பெட்டியைவிட உயரத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் பெட்டியிலேயே தூங்கி, எச்சம் போட்டு நாறடிக்கும்.

கேள்வி: சேவல் இல்லாமல் முட்டை வருமா? செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு காட்டுச் சேவல் வேலியோரம் வந்து நிற்கிறது.

பதில்: தாராளமாக வரும். சேவல் குஞ்சுக்குத்தான் தேவை. காட்டுச் சேவல் சேர்ந்தால் முட்டை கரு கட்டும், அவ்வளவுதான். தினமும் எடுத்துச் சாப்பிட்டால் வித்தியாசம் தெரியாது. குஞ்சு பொரிக்க விட்டீர்களென்றால் கூரைமேல் ஏறி உட்காரும் பிள்ளைகள்தான் பிறக்கும். எனக்குப் பிடிக்கும், என் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது.

கேள்வி: முட்டை சீக்கிரம் வர இரவில் லைட் போட வேண்டும் என்கிறார்களே?

பதில்: அது குளிர் நாட்டுக்காரர் கவலை. அங்கே குளிர்காலத்தில் பகல் சுருங்கி முட்டை நின்றுவிடும். நம் பேராக்கில் ஆண்டின் நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் ஏறக்குறைய அரை மணி நேர வித்தியாசம்தான். வளரும் கோழிக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் உடம்பு வளரும் முன்பே முட்டைக்கு இறங்கிவிடும். மின்சாரக் காசை மிச்சப்படுத்துங்கள்.

கேள்வி: முதல் முட்டை ஓடே இல்லாமல், தோல் பை மாதிரி வந்தது. நோயா? ஊசி போட வேண்டுமா?

பதில்: நோய் இல்லை. முதல் இரண்டு மூன்று வாரம் உள்ளே எல்லாம் பழகிக்கொண்டிருக்கும். ஓடில்லாமல் வரும், இரட்டைக் கருவோடு வரும், கோலிக்குண்டு போலவும் வரும். ஒரு மாதம் கழித்தும் அப்படியே என்றால் சிப்பிக் கிண்ணம் காலியா என்று பாருங்கள். அடுத்து வெயில். வாயைத் திறந்து மூச்சிரைக்கிற கோழியின் உடம்பிலிருந்து கரியமில வாயு அதிகமாகப் போய்விடும். ஓடு செய்ய அதிலிருந்துதான் பொருள் வர வேண்டும், அதனால் ஓடு மெலியும். மத்தியானம் தண்ணீரை நிழலில் வைத்து, சூடானதும் மாற்றுங்கள்.

ஊசி வேறு கதை. வெள்ளைக் கழிச்சல் (நியூகாசில்) நோய்க்கான தடுப்பு மருந்தை முட்டை தொடங்கும் முன்பே கொடுத்து முடித்துவிடுங்கள். எந்த வயதில் எது என்று மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். போகும்போது எத்தனை கோழி, எத்தனை வாரம், முன்பு என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.