முதல் காட்சிக்குக் கைவேலைப் பரிசுகள்: கேள்வி பதில்

நாடகம் மேடையேறும் முதல் நாளில் குழுவினருக்குக் கொடுக்கும் சின்னப் பரிசுகளைக் கையாலேயே, குறைந்த செலவில் செய்வது பற்றி மதுரைப் பக்கத்து நாடகக்காரர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. உடை, ஒப்பனை வேலைகளைக் கவனிக்கும் உறுப்பினர் பதில் சொல்கிறார்.

அக்கா, எங்க குழுவுல 32 பேர். ஆளுக்கு 30 ரூபாய்க்கு மேல முடியாது. மொத்தமா ஷீல்டு அடிச்சுக் கொடுத்துடலாம்னு ஒருத்தர் சொல்றார். வேற வழி இருக்கா? (எஸ்.எஸ். காலனி)

ஷீல்டு வேண்டாம். அது பரண் மேலே போய்விடும். நாடகக்காரர் கையில் புழங்குகிற பொருளாகக் கொடுங்கள்.

அதற்கு முன்னால் அந்த 32-ஐச் சரிபாருங்கள். மைக் செட்காரர், லைட் போடுகிற தம்பி, வேன் ஓட்டுபவர், அரங்கத்து வாட்ச்மேன், ஒத்திகைக்கு டீ கொண்டுவருபவர் இவர்களெல்லாம் பெரும்பாலும் கணக்கில் விட்டுப்போவார்கள். சேர்த்தால் 38 வரை வரும். உங்களிடம் இருக்கும் 960 ரூபாயைக் கூட்ட வேண்டாம். ஆளுக்கு 25 என்று குறைத்துக்கொள்ளுங்கள். கதாநாயகனுக்கு ஒரு தரம், திரை இழுப்பவருக்கு ஒரு தரம் என்று பிரிப்பதைவிட எல்லாருக்கும் எளிமையான ஒரே பொருள் கொடுப்பது நூறு மடங்கு மேல்.

இந்தத் தொகைக்கு நான் முதலில் சொல்வது சுங்குடித் துணியில் சுருக்குப் பை. பென்சில், பவுடர், பின், சேஃப்டி பின் எல்லாம் அதில் அடங்கும். கடையில் டேமேஜ் என்று ஒதுக்கிய சுங்குடிச் சேலை ஒன்று கேட்டு வாங்குங்கள். 18 × 26 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் ஐந்தரை மீட்டர் சேலையில் 120-க்குக் குறையாமல் கிடைக்கும். ஒரு பைக்கு இரண்டு துண்டு. ஆக, கிழிந்த இடத்தைக் கழித்தாலும் 38 பை தாராளமாக வரும்.

இரண்டு துண்டையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, அடியையும் இரு பக்கங்களையும் 1.5 செ.மீ. உள்ளே தள்ளித் தையுங்கள். பக்கத் தையல் மேல் விளிம்புக்கு 6 செ.மீ. கீழேயே நிற்க வேண்டும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். உச்சிவரை தைத்துவிட்டால் நாடா நுழைய வாய் இருக்காது, பிரித்துத்தான் ஆக வேண்டும். தைக்காமல் விட்ட ஓரங்களைப் பக்கவாட்டில் உள்ளே மடித்துத் தையல் ஓட்டிவிட்டு, மேல் விளிம்பை முதலில் 1 செ.மீ., பிறகு 2.5 செ.மீ. மடித்துத் தைத்தால் நாடாக் குழாய் தயார். 45 செ.மீ. நாடா இரண்டு. ஒன்றை இடப்பக்கமிருந்து முழுச் சுற்று விட்டு அதே பக்கம் முடிச்சிடுங்கள், மற்றதை வலப்பக்கமிருந்து. இரண்டையும் இழுத்தால் வாய் சமமாகச் சுருங்கும்.

ஒப்பனை எண்ணெய் வெளியே கசியாமல் இருக்க உள்துணி வேண்டுமென்றால் பழைய குடைத் துணி நல்லது. கம்பி போன குடைகளை வீடு வீடாகக் கேட்டாலே போதும்.

சுங்குடியில சாயம் போகுமே? உப்புத் தண்ணியில ஊறவச்சா நிக்குமா?

சாயம் ஏற்றும்போது உப்புக்கு வேலை உண்டு. சாயம் ஏறி, கடைக்கு வந்துவிட்ட துணியில் உப்பு பெரிதாக எதையும் பிடித்து வைக்காது. வெட்டுவதற்கு முன் முழுச் சேலையையும் தனியாக, தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று தடவை அலசுங்கள். கஞ்சியும் போகும், சுருங்குவதும் அப்போதே சுருங்கிவிடும். காய்ந்ததும் ஈரமான வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தை அழுத்தித் தேயுங்கள். கறை ஏறினால் அந்தத் துணி பைக்கு ஆகாது. வெள்ளை உடை போட்டு நடிப்பவரின் மடியில் அது உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பளபளன்னு வெல்வெட், சாட்டின் துண்டு கிடைச்சா ராஜா ராணி நாடகத்துக்குப் பொருத்தமா இருக்கும். மொத்தமா எங்க கிடைக்கும்?

மீனாட்சி கோயில் பக்கத்துப் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்காரர்களிடம் கேளுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு வேஷம் கட்டுகிறவர்களின் சல்லடம் (அரைக்கால்சட்டை), குல்லாய் எல்லாம் தைப்பவர்கள் அவர்கள். பங்குனி கடைசியில் வெட்டுத்துண்டு நிறைய விழும். ஆனால் அப்போது அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பையைக் கொடுத்துவிட்டு, கடை சாத்தும் நேரத்தில் போய் வாங்கிக்கொள்ளுங்கள். வெல்வெட்டை இஸ்திரி போடும்போது முகப்புப் பக்கம் சூடு படக்கூடாது, மயிர் படிந்து வழுக்கை விழுந்துவிடும்.

ஒவ்வொரு நடிகருக்கும் அவங்க பேசுற வசனத்துல ஒரு வரிய எழுதிக் கொடுக்கணும்னு ஆசை. அட்டையில எழுதினா சாதாரணமா இருக்கு. (திருமங்கலம்)

பனை ஓலையில் எழுதுங்கள். உங்கள் பக்கம் பனைக்குக் குறைவில்லை, ஓலைக்குச் செலவும் இல்லை. நாள்தான் பிடிக்கும், காட்சிக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள்.

வெளுத்த இளங்குருத்து மெலிந்து சுருளும், முற்றிய பச்சை ஓலை வெடிக்கும். இரண்டுக்கும் நடுப்பட்ட ஓலையாக வெட்டித்தரச் சொல்லுங்கள். ஈர்க்கைச் சீவி எடுத்துவிட்டு 18 செ.மீ. நீளம், 3.5 செ.மீ. அகலத்துக்கு நறுக்குங்கள். ஒரு பெரிய பாத்திரத் தண்ணீரில் இரண்டு கரண்டி மஞ்சள்தூள் போட்டு, ஓலையை அரைமணி நேரம் வேகவிடுங்கள். வெந்த ஓலையை நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் ஒரு பக்கம் முன்னால் காய்ந்து முறுக்கிக்கொள்ளும். பாதி உலர்ந்ததும் இரண்டு பலகைக்கு நடுவே அடுக்கி, மேலே அம்மிக் குழவியோ செங்கல்லோ வைத்து மூன்று நாள் விடுங்கள். பிறகு சோழியின் முதுகால் இருபக்கமும் தேய்த்தால் மினுமினுப்பு வரும்.

எழுத்தாணி இல்லாவிட்டால் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் காம்பஸ் முனை போதும். அதை உப்புத்தாளில் இரண்டு தேய்ப்பு தேய்த்துக் கூர்மையைக் கொஞ்சம் மழுக்குங்கள். கூர் அதிகமானால் ஓலை அறுபடும். இடதுகையில் ஓலையைப் பிடித்து, கட்டைவிரல் நகத்தை அணையாகக் கொடுத்துக் கீறுங்கள். எழுதி முடிக்கும்வரை வெறும் கீறல்தான் தெரியும். விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்து விரலால் தடவி, உடனே உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல்களில் மட்டும் கரி தங்கி, எழுத்து கறுப்பாக எழுந்து வரும். வரியைச் சின்னதாக எடுங்கள். ஓர் ஓலையில் 15, 16 எழுத்துக்கு மேல் ஒரு வரியில் நெருக்க வேண்டாம்.

நீங்க சொன்னபடி செஞ்சேன். எழுத்துக்குக் குறுக்கே நீளவாக்குல கீறல் விட்டு ஓலை பிளக்குது. புள்ளி வைக்கிற இடத்துல ஓட்டையும் விழுது.

ஓலையின் நரம்பு நீளவாக்கில் ஓடுகிறது. 'ட', 'ப' போன்ற எழுத்துகளின் படுக்கைக் கோடு நரம்போடு சேர்ந்து போவதால் அங்கே வெடிப்பு தொடங்குகிறது. அந்தக் கோடுகளைச் சற்று வளைத்துப் போடுங்கள், அழுத்தத்தையும் பாதியாக்குங்கள். புள்ளியைக் குத்தாதீர்கள், சின்ன வட்டமாகச் சுழியுங்கள். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதியிருப்பதற்கு இந்தச் சங்கடம் ஒரு காரணம். ஆனால் பரிசு வாங்குபவர் தடுமாறாமல் வாசிக்க வேண்டும், நீங்கள் சுழித்தே எழுதுங்கள். ஓலை சலசலவென்று காய்ந்திருந்தால் எழுதுவதற்கு முதல் நாள் இரவு ஈரத்துணியில் சுற்றி வைத்தால் இளகும்.

சின்ன முகமூடி பேட்ஜ் செய்ய காகிதக் கூழ் வச்சோம். ஐப்பசி மழையில பூஞ்சை பிடிச்சிருச்சு.

ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டதுதான் காரணம். கூழை விட்டுவிட்டு ஒட்டுக் காகித முறைக்கு வாருங்கள். 5 செ.மீ. முகத்தைக் களிமண்ணில் ஒன்று பிடித்துக் காயவைத்து அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். கை வரவில்லையென்றால் திருப்பரங்குன்றம் பக்கத்தில் விளாச்சேரியில் பொம்மை செய்பவர்களிடம் கேட்டால் அழகாகப் பிடித்துக் கொடுப்பார்கள். அச்சுமேல் வாசலின் தடவி, விரல்நகம் அளவு கிழித்த தாளை (கத்தரித்த தாளின் ஓரம் தெரியும், கிழித்த ஓரம் தெரியாது) மைதாப் பசையில் ஒட்டுங்கள். பசைக்கு ஒரு பங்கு மைதா, நாலு பங்கு தண்ணீர், கண்ணாடிபோல் ஆகும்வரை காய்ச்சுங்கள். ஒரு படலம் செய்தித்தாள், அடுத்தது பிரவுன் தாள் என்று மாற்றினால் எங்கே விட்டுப்போனது என்று கண்ணுக்குத் தெரியும். ஆறு படலம். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் போடாதீர்கள். மழைநாளில் ஃபேனுக்கு அடியில் வையுங்கள். கடைசியில் ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து உள்ளும் புறமும் பூசினால் ஈரம் எளிதில் ஏறாது. பூஞ்சை பிடிக்காமல் இருக்க பைண்டிங்காரர்கள் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

பள்ளி நாடகம், 45 பிள்ளைங்க. ரெண்டே நாள்தான் இருக்கு!

சோடா மூடி பேட்ஜ். மூடியின் உள்வட்டத்துக்கு 25 மி.மீ. வட்டம் பொருந்தும். நாடகப் படத்தை அந்த அளவில் ஒரே ஏ4 தாளில் அடுக்கி, லேசர் பிரிண்ட் எடுங்கள். இங்க்ஜெட் பிரிண்ட் ஃபெவிகால் பட்டதும் கலங்கிவிடும். படத்தை ஒட்டி, மேலே ஃபெவிகாலை மெல்லிசாக இரண்டு தடவை பூசினால் காய்ந்ததும் தெளிவாகிவிடும். கெட்டியாக ஒரே தடவை ஊற்றினால் நடுவில் வெள்ளையாகவே நிற்கும். பின்பக்கம் சேஃப்டி பின்னை அரால்டைட் வைத்து ஒட்டுங்கள். ஃபெவிக்விக் சட்டென்று பிடிக்கும், ஆனால் ஓரமெல்லாம் வெள்ளை பூத்து, கீழே விழுந்தால் விட்டுவிடும். சின்னப் பிள்ளைகளுக்குக் காந்தம் வைக்கவே வேண்டாம், விழுங்கினால் ஆபத்து.

எங்க ஊர்த் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் போடுறோம். வர்ற கலைஞர்களுக்குத் துண்டு போர்த்துறதோட கையால ஏதாவது செய்யணும்னு அண்ணன்மார் சொல்றாங்க. (மேலூர் பக்கம்)

ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் வெவ்வேறு ஊரிலிருந்து அன்றைக்கு வந்து சேர்ந்து, விடிய விடிய ஆடி, காலையில் பஸ் பிடிப்பவர்கள். பெரிய பொருள் அவர்களுக்குச் சுமை. அரிதாரம் கலைக்கும் பொட்டலம் கொடுங்கள். மூடி இறுகும் சின்ன பாட்டிலில் 30 மி.லி. தேங்காய் எண்ணெய், துவைத்த பழைய வேட்டியில் 15 செ.மீ. சதுரமாக வெட்டிய துணி ஆறு, ஒரு சின்னக் குளியல் சோப்பு, மேலே சொன்ன சுருக்குப் பையில். பாட்டிலை விளிம்புவரை நிரப்பாதீர்கள், வெயிலில் எண்ணெய் விரிந்து கசியும். ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி), டான்ஸ் இவர்களோடு ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (டிரம், தாளம் வாசிப்பவர்) மூவருக்கும் சேர்த்துக் கட்டுங்கள். வாத்தியக்காரருக்கு எண்ணெய்க்குப் பதிலாக உள்ளங்கை வியர்வை துடைக்கக் கூடுதலாக நாலு துணி.

லைட் போடுறவருக்கு?

வெட்டி மிஞ்சிய ஜெலட்டின் தாளை (விளக்குக்கு நிறம் கொடுக்கும் தாள்) அவரிடமே கேட்டு வாங்குங்கள். நடுப்பகுதி சூட்டில் வெளுத்திருக்கும், ஓரம் நன்றாக இருக்கும். 4 × 14 செ.மீ. பட்டையாக மூன்று நிறம் ஒன்றன்மேல் ஒன்று சற்றே விலக்கி வைத்து லேமினேட் செய்தால் புத்தகக் குறி. ஃபேன்சி ஸ்டோர் கண்ணாடித்தாள் லேமினேட் சூட்டில் சுருங்கிவிடும், அதைப் போட வேண்டாம்.

தொண்டைக்கு இதமா ஏதாவது?

பனங்கற்கண்டு 20 கிராம், நாலு மிளகு, விரல்கணு அளவு சுக்கு, சித்தரத்தை ஒரு துண்டு. தாளில் மடித்து ஓலைப்பெட்டியில் வைத்துக் கொடுக்கலாம். எல்லாம் நாட்டுமருந்துக் கடையிலேயே கிடைக்கும். அதிமதுரம் சேர்ப்பதானால் தனியாக மடித்து, மேலே பெயர் எழுதுங்கள். ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது ஆகாது.

மதுரையில இருந்துக்கிட்டு மல்லிகை கொடுக்காம இருக்க முடியுமா?

சித்திரை, வைகாசியில் பூ மலிவாக இருக்கும் நாளாகப் பார்த்துக் கொடுங்கள். மார்கழி, தையில் வரத்து குறைந்து விலை எட்டாது. முகூர்த்த நாளென்றால் எந்த மாதமும் ஏறும். காலையில் மொட்டாக வாங்கி, ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். நாடகம் முடிந்த பிறகே கையில் கொடுங்கள். முன்னால் கொடுத்தால் விதவை வேடத்தில் இருப்பவரும் மறந்து தலையில் வைத்தபடி மேடைக்குப் போய்விடுவார்.

பாய்ஸ் கம்பெனி காலத்தைப் பத்தின நாடகம் போடுறோம். அதுக்கேத்த மாதிரி ஒரு யோசனை சொல்லுங்க.

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள், சிறுவர்களே நடிக்கும் பாய்ஸ் கம்பெனியான தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை 1918-ல் மதுரையில்தான் தொடங்கினார். அந்தக் கால பாணியில் ஒரு நாடக நோட்டீஸ் அச்சடியுங்கள். ரோஸ், பச்சை, மஞ்சள் மெல்லிய தாள், ஒரு ஏ4-ல் இரண்டு நோட்டீஸ், கறுப்பு மையில் லேசர் பிரிண்ட். மேலே உங்கள் குழுவின் பெயர், நடுவில் கொட்டை எழுத்தில் நாடகத்தின் பெயர், கீழே வேடமும் நடிகரும். பரிசு பெறுபவரின் பெயரை மட்டும் அவரவர் பிரதியில் பெரிதாக்குங்கள். திரை இழுப்பவர் பிரதியில் அவர் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும். மெல்லிய தாள் மெஷினில் சிக்கும். கையால் ஒவ்வொன்றாகச் செலுத்தச் சொல்லுங்கள்.

எப்போ கொடுக்கிறது?

பூவைத் தவிர மற்றதெல்லாம் ஒப்பனை தொடங்குவதற்கு முன். முதல் மணி அடித்த பிறகு யார் கையிலும் எதையும் திணிக்காதீர்கள். வசனம் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் அது. பூஜை போடும் குழுவென்றால் தேங்காய் உடைத்த கையோடு கொடுக்கலாம். போடாத குழுவென்றால் ஒப்பனை மேசையில் அவரவர் இடத்தில் வைத்துவிடுங்கள்.

பேர் எழுதும்போது ஏதாவது கவனிக்கணுமா?

இனிஷியல். அதில்தான் அதிகம் தப்பு வரும். குழுப் பட்டியலைப் பார்த்து எழுதாதீர்கள், அதிலேயே பிழை இருக்கும். ஒத்திகையில் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டு அவரவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். முத்துவா முத்துக்குமாரா, எந்தப் பெயரில் அழைக்கப்பட விரும்புகிறார் என்பதும் அதில் வந்துவிடும். மூன்று பொருளைப் பெயரில்லாமல் கூடுதலாகச் செய்து, ஒரு பேனாவோடு எடுத்துவையுங்கள். கடைசி நேரத்தில் வேடத்துக்கு ஆள் மாறுவது வழக்கமாக நடப்பதுதான்.