பழைய மனநோய் மாத்திரைகள்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: அப்பா இருபது வருஷமா ஹாலோபெரிடால் சாப்பிடுறார். மூளைல அது என்னதான் செய்யுது டாக்டர்?

பதில்: பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுதான். டோபமைன் என்பது மூளை செல்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள். அது வந்து உட்கார வேண்டிய இருக்கைகளான டி2 ஏற்பிகளில் மருந்து முந்திக்கொள்கிறது. காதில் கேட்கும் குரல்களும் சந்தேகமும் அடங்குகின்றன. ஆனால் கை கால் அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதிக்கும் டோபமைன் வேண்டுமே, அங்கேயும் துண்டு விழுந்துவிடுகிறது. ஏற்பிகளில் சுமார் 65 சதவீதம் அடைபட்டால் பலன் தெரியும். 80-ஐ நெருங்கினால் நடுக்கமும் விறைப்பும் வரும். இடைவெளி அவ்வளவு குறுகல்.

கேள்வி: தம்பிக்கு ஊசி போட்ட மறுநாளே கழுத்து ஒரு பக்கமா இழுத்து, கண்ணு மேல செருகிடுச்சு. பாட்டி வேப்பிலை எடுத்துட்டாங்க.

பதில்: இது டிஸ்டோனியா, மருந்தால் தசைகள் தானாக இழுத்துக்கொள்வது. இளவயது ஆண்களுக்கு, மருந்து தொடங்கிய முதல் சில நாட்களில் அதிகம் வரும். புரோமெதசின் ஊசி போட்டால் பெரும்பாலும் சீக்கிரமே இறங்கிவிடும். தொண்டை இறுகினால் மூச்சுக்கே ஆபத்து; பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மனைவி ரெண்டு வாய் சாப்பிடறதுக்குள்ள எழுந்துடறா. ராத்திரி பூரா ஹாலுக்கும் வாசலுக்கும் நடை. நோய் முத்திடுச்சா?

பதில்: அவரிடமே கேளுங்கள்: "மனசு நிக்கலையா, கால் நிக்கலையா?" கால் என்றால் பெரும்பாலும் அகதீசியா, மருந்து தரும் தவிப்பு. இதை நோய் என்று நினைத்து டோஸைக் கூட்டினால் தவிப்பும் கூடும். பயிற்சிக் காலத்தில் நானே அப்படிக் கூட்டியிருக்கிறேன். வார்டு அட்டெண்டர்தான் பிடித்தார்: "சார், அவர் நிக்கும்போதும் காலை மாத்தி மாத்தி வைக்கிறார், பாருங்க." டோஸைக் குறைத்தோம், புரோப்ரனோலால் சேர்த்தோம். (ஆஸ்துமா இருந்தால் இந்த மாத்திரை கூடாது.) தவிப்பு தாங்காமல் சிலருக்குத் தற்கொலை எண்ணம்கூட வரும். அடுத்த ரிவ்யூ தேதிவரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: அம்மா வெறும் வாயை மென்னுகிட்டே இருக்காங்க, வெத்தலை போட்ட மாதிரி. மாத்திரையை நிறுத்திடட்டுமா சார்?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். டார்டிவ் டிஸ்கைனீசியாவாக இருக்கலாம், அதாவது மருந்தால் தாமதமாக வரும், கட்டுப்படுத்த முடியாத அசைவு. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் சாப்பிட்ட பிறகு வருவது. திடீரென்று நிறுத்தினால் வாயசைவு கூடலாம், நோயும் திரும்பலாம். நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில் இதற்கு உதவாது, சில சமயம் மோசமாக்கும். மருந்தை மாற்றுவதா, இந்த அசைவைக் குறைக்கும் டெட்ராபெனசின் சேர்ப்பதா என்பதை உங்கள் டாக்டர் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கேள்வி: புது மருந்து இருக்கும்போது ஏன் பழசு?

பதில்: பழைய மருந்துகளில் ஒன்றான குளோர்புரோமசின் 1952-இல் பாரீஸில் நோயாளிகளுக்குத் தரப்பட்டது, இன்றும் வேலை செய்கிறது, விலையும் குறைவு. புதியவற்றில் பல எடையையும் சர்க்கரையையும் ஏற்றுகின்றன. எதை ஒருவரால் தாங்க முடிகிறது என்பதுதான் கணக்கு.

கேள்வி: ஹாலோபெரிடால் சாப்பிடுற அண்ணனுக்கு நேத்திலிருந்து கடும் காய்ச்சல். உடம்பு கட்டை மாதிரி இருக்கு, கேட்டா பதில் இல்ல.

பதில்: இது மருந்தாலேயே வந்த ஆபத்தாக இருக்கலாம். அடுத்த வேளை மாத்திரை கொடுக்காதீர்கள். சீட்டை எடுத்துக்கொண்டு இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள், என்ன மருந்து என்பதை முதலில் சொல்லுங்கள்.